தாவலுக்கு முன் வட்டம்

தமிழ்நாட்டில் ஸ்கேட்டிங் என்றால் இன்று வேகம்தான். அதற்கு நியாயம் உண்டு. 2023-இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மகளிர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரிராஜும் இருந்தார்கள். ஆனந்த்குமார் வேல்குமார் 2025-இல் உலக சாம்பியன் ஆனார். தாவலும் சுழற்சியும் கொண்ட ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங்கின் கணக்கு வேறு. 2010 குவாங்சோவில் ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் ஒரு வெண்கலமும், அவனி பஞ்சாலுடன் ஜோடியாக இன்னொன்றும் வென்றார். அதற்கு அடுத்து நடந்த இரண்டு ஆசிய விளையாட்டுகளிலும் இந்தப் பிரிவே இல்லை.

பதக்கம் மட்டுமே அளவுகோல் என்றால் வழக்கு இங்கேயே முடிந்துவிடும். ஆனால் நான் எடைபோட விரும்புவது கற்றுக்கொடுக்கும் வரிசையை, அதாவது எதை முதலில் பழக்குகிறோம் என்பதை. கண்ணைக் கட்டிக்கொண்டு சறுக்குவது, சிலம்பம் சுற்றியபடி மணிக்கணக்கில் ஓட்டுவது என்று சாதனைச் சான்றிதழுக்காகப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பழக்கம் நம்மூரில் வேரூன்றிவிட்டது. அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அது அவர்களை எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதே கேள்வி.

நான்கு சக்கரக் குவாட் ஸ்கேட்டில் கணுக்காலைச் சாய்த்தால் அச்சுக்கு அடியிலுள்ள ரப்பர் அமுங்கும், அச்சு திரும்பும், பாதை வளையும். அந்தச் சாய்வுதான் எட்ஜ். புதிதாகக் கற்கும் குழந்தை விழக்கூடாது என்று அந்த ரப்பரை அழுத்திப் பிடிக்கும் நட்டை முழுக்க இறுக்கிவிட்டால், நேராக ஓடுமே தவிர வளைவு வராது. அரைச் சுற்றுத் தாவலான வால்ட்ஸ் ஜம்பைப் பாருங்கள்: இடதுகாலின் வெளி எட்ஜில் முன்னோக்கி எழும்பி, வலதுகாலின் வெளி எட்ஜில் பின்னோக்கி இறங்க வேண்டும். அந்த எட்ஜ் பிடிபடாத பிள்ளைக்கு இறங்கிய பின்னும் உடல் சுழன்றுகொண்டே போகும், முட்டி அடிவாங்கும். தரையில் வரைந்த வட்டத்தின் மேல் ஒற்றைக்காலில் சறுக்கும் ஃபிகர் பயிற்சி இதைத்தான் கட்டுக்குள் கொண்டுவருகிறது. சக்கரம் கோட்டை விட்டு விலகியதை யாரும் சொல்ல வேண்டாம், பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. பனிச்சறுக்கில் கட்டாய ஃபிகர்களை 1990-இல் நீக்கினார்கள், தாவல்களோ மேலும் கடினமாயின. உண்மைதான். ஆனால் அங்கே போட்டியிலிருந்துதான் வட்டம் போனது, எட்ஜ் பயிற்சி போகவில்லை. சக்கரச் சறுக்கின் இன்றைய ரோல்ஆர்ட் மதிப்பீட்டிலும் சறுக்கும் திறனுக்கென்று தனி மதிப்பெண் இருக்கிறது. வட்டம் சலிப்பூட்டும் என்ற குறை மெய்யானது. அதை இசையாலும் சிறு ஸ்பின்களாலும் ஆசிரியர் ஈடுகட்டலாம்.

வட்டத்துக்கு இடம் அதிகம் வேண்டாம் என்பதால், கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. முழு அளவு ரிங்க் 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் அவ்வளவு சமதளம் தேடுவது பெரும்பாடு, வளைந்திறங்கும் மலைச்சாலையோ பயிற்சிக்கு ஆகவே ஆகாது. ஆனால் 6 மீட்டர் விட்டமுள்ள இரண்டு வட்டங்களுக்கு, வழவழப்பாகப் பூசிய ஒரு பள்ளி மண்டபமே போதும்.

என் தீர்ப்பு இதுதான்: வட்டமே அடிப்படை, சாதனை ஓட்டம் அடிப்படை அல்ல. பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோர் எத்தனை சான்றிதழ் கிடைக்கும் என்று கேட்க வேண்டாம். தரையில் வட்டம் வரைந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.