அலமாரியில் ஒரு நாகசுரம்

காரைக்காலில், அம்மையார் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, எனக்கு ஒரு பெரியவர் சிநேகம். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். பெரியவர் என்றே வைத்துக்கொள்வோம். 1954-இல் பிரெஞ்சுக்காரர் ஊரை விட்டுப் போவதற்கு முன்பு பிறந்தவர். அவருக்குப் பிதுரார்ஜிதமாக வந்தவை ஒரு கிராமபோன் பெட்டியும் கொஞ்சம் இசைத்தட்டுகளும். அவரே தேடிக்கொண்டவை புத்தகங்களும் படங்களும். எல்லாம் சேர்ந்து கூடத்து அலமாரிகள் மூன்றை அடைத்துக்கொண்டிருக்கின்றன.

புத்தகம் ஓரிடம், படம் ஓரிடம், தட்டு ஓரிடம் என்று அடுக்குவதுதானே உலக வழக்கம்? பெரியவர் அப்படிச் செய்வதில்லை. விஷயத்தை வைத்து அடுக்குவார். முதல் தட்டில் காரைக்கால் அம்மையார். பதினோராந் திருமுறை, அதன் பக்கத்தில் 1973-இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த படம், அதை ஒட்டி கே. பி. சுந்தராம்பாளின் பாட்டுகள். “ஊர்ப்பாசமா?” என்று கேட்டேன். “தேவாரம் பாடிய மூவருக்கும் முன்னால் நட்டபாடையிலும் இந்தளத்திலும் பதிகம் பாடினவள், தம்பி. முதலில் அவளை வைக்காமல் யாரை வைப்பது?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை.

இவரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டதே ஒரு சண்டையினால்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில், ‘தில்லானா மோகனாம்பாள்’ நாவலைச் சினிமா கெடுத்துவிட்டது என்று எழுதியிருந்தேன். கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை அது, 1968-இல் படமாயிற்று. நாவலின் விஸ்தாரம் படத்தில் இல்லை என்பது என் கட்சி. நாலாம் நாள் காரைக்காலிலிருந்து ஒரு கார்டு வந்தது: “கட்டுரை படித்தேன். காதையும் எடுத்துக்கொண்டு வந்தால் பேசலாம்.”

போனேன். காப்பி கொடுத்தார். நாவலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கிராமபோனில் வைத்தார். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், சற்றுக் கூடக்குறைய. ராகம் கண் விழித்துப் பார்க்கிற சமயத்தில் தட்டு முடிந்துவிடும். எழுந்து திருப்பிப் போடவேண்டும். பிறகு நாகசுரத்தைப் பற்றிச் சொன்னார். திமிரி என்கிற குட்டை நாகசுரத்தின் உச்ச சுருதி போதாதென்று, நரசிங்கம்பேட்டையில் செய்த நீண்ட பாரி நாகசுரத்தைப் பிள்ளை கையில் எடுத்தார். அதனால்தான் இந்தத் தோடிக்கு இத்தனை கனம். அதன் பிறகுதான் படத்தைப் போட்டார். திரையில் வாசிப்பவர் சிக்கல் சண்முகசுந்தரமாக வரும் சிவாஜி. காதில் விழுவது மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள்.

“இந்த ஓசை இல்லாமல் அந்த நாவலை எப்படித் தம்பி படித்தீர்கள்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. வாத்தியத்தைப் பற்றிய நாவலில் வாத்தியத்தை வாசகனேதான் வாசித்துக்கொள்ள வேண்டும். நல்ல நாகசுரம் கேட்டிராதவன் என்ன வாசிப்பான்? இசைத்தட்டு ஓசையைத் தருகிறது. ஆனால் அந்த ஓசைக்காகக் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த ஜனங்களைத் தரவில்லை. படம் ஜனங்களையும் தருகிறது, ஓசையையும் தருகிறது. வித்வானின் மனசுக்குள் நடக்கிற போராட்டத்துக்கு அவகாசம் தருவதில்லை. அதற்கு மறுபடி நாவலுக்குத்தான் வரவேண்டும். ஒன்று மற்றதைக் கெடுத்தது என்று நான் எழுதியது அவசரம். ஒன்று விட்ட இடத்தை மற்றது நிரப்புகிறது என்று எழுதியிருக்க வேண்டும். இதை எனக்கு எந்த விமர்சன நூலும் சொல்லவில்லை. ஓர் அலமாரி சொல்லிற்று.

அலமாரியிலும் குறை உண்டு. பழமையில் பெரியவருக்கு அளவு கடந்த மோகம். ‘மோகமுள்’ நாவல் இருக்கிறது. 1995-இல் வந்த படம் இல்லை. இளையராஜாவின் சங்கீதத்துக்காகவாவது வைக்கலாமே என்றேன். “பார்க்கலாம்” என்றார். இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரசனை தன் கதவைத் தானே சாத்திக்கொள்ளும் இடம் இது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவரை மிஞ்ச முடியாது. ஒவ்வொரு தட்டின் உறையிலும் ஒரு சீட்டு. யார் வாசித்தது, யார் தவில், எங்கே வாங்கியது. தவில்காரர் பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருப்பார். ஊகமாக ஒரு பெயரைக்கூட எழுதியதில்லை.

இப்போது பிரான்ஸில் இருக்கும் மகன், வீட்டை விற்றுவிட்டு அங்கேயே வந்துவிடச் சொல்கிறார். பாட்டெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே என்பது அவர் வாதம். பிள்ளை பேரில் தவறில்லை. தனியாக இருக்கும் தகப்பனாரைப் பற்றிய கவலை. பெரியவர் என்னைக் கேட்டார்: “நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

கோட்டையூர் ரோஜா முத்தையாவின் கதையைச் சொன்னேன். அவர் 1992-இல் காலமான பிறகு, அவர் சேர்த்த நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. எல்லாருக்கும் அந்த யோகம் வாய்க்காது. பாட்டு எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும். எதன் பக்கத்தில் எது இருந்தது என்கிற அடுக்கு, கலைத்தால் போயிற்று.

ஆகவே மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காரைக்கால் போகிறேன். அவர் சீட்டுகளைப் படிக்கிறார். அடுக்கின் வரிசை மாறாமல் நான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். காலி இடங்களைக் காலியாகவே விடுகிறேன்.