ஆடிக் காற்றுக்கு எதிரே ஒரு எக்ஸ்எல்

மூலனூருக்கு மேற்கே தாராபுரம், வடக்கே வெள்ளக்கோவில். இரண்டும் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்தான். மெயின் ரோட்டில் போனால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் இந்தச் சீமையைப் பார்க்க வேண்டுமென்றால் கிளுவை வேலிகளுக்கு நடுவே வளைந்து போகும் ஊராட்சி ரோட்டில் இறங்க வேண்டும். அங்கே எதிரே வருகிற வண்டிகளில் கண்ணில் அதிகம் படுவது டிவிஎஸ் எக்ஸ்எல். அதனால் நானும் எக்ஸ்எல் 100-ஐயே எடுத்துக்கொண்டு, ஆடி மாதத்தில் இந்தப் பக்கம் சுற்றினேன்.

1980-இல் ஓசூரில் இருந்து வந்த டிவிஎஸ் 50-இன் வாரிசு இது. நூறு சிசி, நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினோடு 2015-இல் வந்தது. இப்போது கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். 99.7 சிசியில் கிடைக்கும் சக்தி 4.3 குதிரைத்திறன்தான். காகிதத்தில் பார்த்தால் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் இன்ஜினின் முழு இழுவையும் 3,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. கியரும் கிளட்ச் பிடியும் கிடையாது. வாய்க்கால் மேட்டில், ஜல்லி பெயர்ந்த திருப்பத்தில், மாடு குறுக்கே நிற்கும் இடத்தில் வேகத்தைச் சுத்தமாகக் குறைத்து மறுபடி முறுக்கினால் உதறாமல் ஏறுகிறது. 16 அங்குலச் சக்கரம் குழிகளைச் சமாளித்துவிடுகிறது. சின்னச் சக்கர ஸ்கூட்டரில் இதே ரோட்டில் போனவர்களுக்கு இந்த அருமை தெரியும்.

முன்னால் காலுக்கு நடுவே உள்ள தட்டையான இடம்தான் இந்த வண்டியின் உயிர். பின் சீட்டையும் கழற்றிவிடலாம். மூலனூர்ப் பக்கம் முருங்கைக் கட்டு, பால் கேன், தீவன மூட்டை எல்லாம் இப்படித்தான் போகின்றன. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் பருத்தி கொண்டுவந்திருந்த பெரியவர் ஒருவரிடம் காற்றில் எப்படி ஓட்டுகிறார் என்று கேட்டேன். “முருங்கைக் கட்டுன்னா காத்து உள்ள பூந்து போயிருமுங் தம்பி. பருத்தி மூட்டைதான் பாய் விரிச்ச மாதிரி. கனமே இருக்காது, ஆனா வண்டியத் தள்ளிப்போடும். வெள்ளெனவே வந்தர்றதுதான் நல்லதுங்” என்றார்.

அவர் சொன்ன காற்றுதான் இந்த வண்டிக்கான சரியான சோதனை. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து இந்தச் சமவெளியில் தடையில்லாமல் வீசுகிறது. இத்தனை காற்றாலைகள் இங்கே நிற்பது அதனால்தான். தாராபுரம் நோக்கிப் போகும்போது முகத்தில் அறைகிற காற்றுக்கு 4.3 குதிரைத்திறன் போதவில்லை. முழுக்க முறுக்கியும் முள் நாற்பதைத் தாண்ட மறுத்தது. வெள்ளக்கோவில் ரோட்டில் சிரமம் வேறு மாதிரி. காற்று பக்கவாட்டில் வருகிறது. தொண்ணூறு கிலோகூட இல்லாத வண்டி வேலி மறைவைத் தாண்டியதும் சட்டென்று வலப்பக்கம் நகர்கிறது. ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாகப் பிடித்து, ரோட்டின் இடது ஓரத்திலேயே போவதுதான் வழி. லாரி எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

இரண்டு பக்கமும் டிரம் பிரேக். பின் பிரேக்கைப் பிடித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிறது. மண் படிந்த ரோட்டில் இது நிஜமாகவே உதவுகிறது. டேங்க் நான்கு லிட்டர்தான். சுற்றுவழியில் இறங்குவதற்கு முன்பே ஊருக்குள் பெட்ரோல் போட்டுவிடுவது நல்லது.

நாற்பதைத் தாண்டாத இந்த வேகத்தில் போனதால்தான் கொறங்காடுகளை என்னால் முழுதாகப் பார்க்க முடிந்தது. கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், மேய்கிற காங்கேயம் மாடுகள். மழை குறைந்த மண்ணில் மாட்டுக்கு மேய்ச்சலைக் காப்பாற்ற விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த ஏற்பாடு இது. காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எண்பதில் போகிறவருக்கு இது வெறும் காய்ந்த காடாகத்தான் தெரியும். வெள்ளக்கோவிலை நெருங்கும்போது விசைத்தறிச் சத்தம் தறிக்குடோனுக்கு முன்பே காதுக்கு வந்துவிடுகிறது.

தனியாக, ஒரு பையோடு, அவசரமில்லாமல் சுற்றுகிறவருக்கு இந்த வண்டியைத் தயங்காமல் சொல்வேன். இருவர் என்றால் ஆடி, ஆவணியில் வேண்டாம். 125 சிசி பைக் எடுங்கள். எக்ஸ்எல்லில்தான் போவேன் என்றால் தாராபுரத்தைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் காற்று வலுக்கும்போது மூலனூருக்குத் திரும்பினால் அதே காற்று முதுகில் இருக்கும்.