கனியும் கண்ணாடியும்

பழங்களையும் பாத்திரங்களையும் மேஜைமேல் பரப்பி வைத்து எழுதும் சித்திரத்துக்குத் தமிழில் இன்னும் ஒரு நல்ல பெயர் அமையவில்லை. அசையாப் பொருள் ஓவியம் என்கிறார்கள். பௌதிகப் பாடப்புத்தகத்தின் வாடை அடிக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 'செத்த இயற்கை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டபின் பழத்தைப் பார்க்கவே மனம் வராது. ஆனால் பெயர் இல்லாததால் நம்மிடம் பொருளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நாஞ்சில் நாட்டில் சித்திரை முதல் நாள் கனி காண்கிற வீடுகளில், முந்தின இரவு எல்லோரும் படுத்தபின் வீட்டின் மூத்த பெண்மணி செய்கிற காரியம் இதுதானே! உருளியில் பச்சரிசி, அதன்மேல் வெள்ளரிக்காய், மாங்காய், செந்துளுவன் பழம், வெற்றிலை, கொன்றைப்பூ, தங்கச் சங்கிலி, நாணயங்கள். பின்னால் சாய்த்து வைத்த ஒரு கண்ணாடி. விடியுமுன் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தி அழைத்து வந்து, குத்துவிளக்கின் முன்னால் நிறுத்திக் கையை எடுப்பாள். வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே நிமிஷம் பார்ப்பதற்காக அமைத்த சித்திரம் அது. பார்க்கிறவன் முகமும் அதற்குள் இருக்கும்.

நாகர்கோவிலில் ஜவுளி வியாபாரம் செய்யும் என் நண்பர் ஒருவருடைய தாயார் காலமான பிறகு அந்த வீட்டில் கனி வைக்க ஆள் இல்லை. மனைவி வெளியூர்க்காரர், வழக்கம் தெரியாது. நண்பர் ஒரு யோசனை செய்தார். அம்மா வைத்த கனியைச் சித்திரமாக எழுதிக் கட்டிலுக்கு எதிரே மாட்டிவிட்டால் தினமும் கனி காணலாமே! வடசேரிப் பக்கம் இருந்த, பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை நான்தான் அழைத்துப் போனேன். எழுத்தாளன் என்றால் சித்திரமும் தெரிந்திருக்கும் என்று இரண்டு பேருமே நம்பினார்கள். நானும் மறுக்கவில்லை.

நண்பர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். பழத்தில் கறுப்புப் புள்ளி கூடாது. சங்கிலியின் கண்ணிகள் எண்ணுகிற மாதிரி தெரிய வேண்டும். விளக்கில் ஐந்து திரியும் எரிய வேண்டும். ஆனால் இருட்டு கூடாது. மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "கண்ணாடியில என்ன எழுதணும் அண்ணாச்சி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நண்பருக்குக் கேள்வி புரியவில்லை. "கண்ணாடிய எழுதுங்க ஸார்" என்றார்.

சொன்னபடி செய்கிற கலை கலையே அல்ல என்று நம் ரசிகர்களில் ஒரு சாரார் சாதிக்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் சொந்த வழக்கும் உண்டு. தீபாவளி மலருக்கு இத்தனை பக்கம், இன்ன தேதிக்குள் என்று கேட்டு வாங்கிய கதைகளில் இரண்டொன்றை நானே இப்போதும் எடுத்து வாசிப்பதுண்டு. ஆகவே சாட்சிக்கு என்னை விட்டுவிட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுகிறேன். 1880-ல் பாரிஸில் ஷார்ல் எஃப்ருஸி என்ற சித்திர சேகரிப்பாளர், எதுவார் மானேயிடம் ஒரு கட்டு ஆஸ்பரகஸ் தண்டுகளை எழுதிய சித்திரத்தை வாங்கினார். நம் தண்ணீர்விட்டான் கொடியின் உறவுச் செடி அது. அதன் இளந்தண்டை அங்கே விருந்துக்குச் சமைக்கிறார்கள். பேசிய விலை 800 பிராங்க். எஃப்ருஸி 1,000 அனுப்பினார். மானே மிச்சத்தைத் திருப்பி அனுப்பவில்லை. ஒற்றைத் தண்டை மட்டும் ஒரு சின்னத் துணியில் எழுதி, உங்கள் கட்டில் ஒன்று குறைந்துவிட்டது என்று குறிப்பு வைத்து அனுப்பிவிட்டார். கட்டு இப்போது கொலோன் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒற்றைத் தண்டு பாரிஸில், ஓர்ஸே அருங்காட்சியகத்தில்.

கட்டைவிட எனக்கு ஒற்றைத் தண்டு பிடிக்கிறது. கட்டு நேர்த்தியாக இருக்கிறது. கீழே பச்சைக் கீரை விரித்து, கயிற்றால் கட்டி, விற்பனைக்குத் தயாராக. ஒற்றைத் தண்டோ பளிங்கு மேஜையின் விளிம்பைத் தாண்டி நுனியை நீட்டிக்கொண்டு, யாரோ மறந்துபோட்டது போலக் கிடக்கிறது. மேஜையும் தண்டும் ஏறக்குறைய ஒரே நிறம்; அந்த வெளிறலுக்குள் ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுவது சாமானிய வேலை அல்ல. ஆனால் அந்த 200 பிராங்க் வராதிருந்தால் அந்தத் தண்டும் இல்லை என்பதைக் கலைத்தூய்மைக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

நம் பக்கத்துச் சாட்சி இன்னும் கடினமானது. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1819 முதல் 1853 வரை கம்பெனி உத்தியோகத்தில் சென்னை ராஜதானியில் இருந்தார். பாளையங்கோட்டை, குற்றாலம் என்று நம் மலைச்சாரலிலும் செடி தேடி அலைந்தவர். அவரிடம் ரங்கையா என்ற சித்திரக்காரர் இருந்தார். அவருக்குப் பின் கோவிந்து. நிபந்தனைகள் ஜவுளிக்கடைப் பட்டியலைவிடக் கடுமையானவை. பின்னணி கூடாது, மேஜை கூடாது, சொந்தக் கற்பனை அறவே கூடாது. இலையின் நரம்பும் பூவின் உள்ளறையும் உள்ளபடி இருக்க வேண்டும். 1838-க்கும் 1853-க்கும் இடையில் வைட் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படங்களின் எண்ணிக்கை 2,101. மூலச் சித்திரங்களில் பெரும்பகுதி எடின்பரோ தாவரத் தோட்டத்தில் இருக்கிறது.

சாஸ்திரத்துக்காக எழுதியவைதான், கலைக்கூடத்தில் மாட்ட எழுதியவை அல்ல. ஆனாலும் பார்க்கிறபோது கண் சாஸ்திரத்தில் நிற்பதில்லை. ஒரு கொடி வெற்றுத்தாளில் வளைந்து ஏறுகிற விதத்தில், இடத்தை நிரப்புகிற கணக்கில், செடியை அறிந்த கைக்கு முன்பே கோடு இழுக்கப் பழகியிருந்த ஒரு பரம்பரைக் கை தெரிகிறது. வைட் துரை அதைக் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை. அந்தச் சந்தில்தான் ரங்கையா நுழைந்துகொண்டார். துரையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும்: கம்பெனிக்காக எழுதிய எத்தனையோ கைகள் பெயரில்லாமல் போன காலத்தில், இவர் படத்தின் அடியில் சித்திரக்காரரின் பெயரை அச்சிட்டார். ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதை வேறு இனத்தோடு சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை.

கனிச் சித்திரத்துக்கு வருகிறேன். மாஸ்டர் இரண்டு மாதம் எழுதினார். பழம் கறுத்துப் போகப் போக நண்பர் புதிய பழம் வாங்கிக் கொடுத்தார். சித்திரத்தில் இருக்கிற சீப்பு நான்கு சீப்புகளின் கலவை. சித்திரம் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். பழங்கள் ஜூஸ் கடைப் பலகையில் இருப்பவை. சங்கிலி நகைக்கடைக் காலண்டரில் இருப்பது. ஐந்து திரியும் எரிகின்றன, ஒன்றும் வெளிச்சம் தரவில்லை. வெளிச்சம் வேறெங்கிருந்தோ வந்து எல்லாவற்றின்மேலும் ஒரே மாதிரி விழுகிறது. பட்டியலில் இல்லாத பொருள் உருளி ஒன்றுதான். அதன் விளிம்பில் பல வருஷத்துப் புளித் தேய்ப்பில் மங்கிய வெண்கலமும், காதுக்கடியில் போகாத கரியும் இருக்கின்றன. அந்த நாலு விரற்கடை இடத்தில் மாஸ்டர் பெரிய சித்திரக்காரர்.

இன்னொரு இடமும் இருந்தது. முதலில் அவர் கண்ணாடிக்குள் இருட்டை எழுதி, அந்த இருட்டின் ஓரத்தில் ஒரு முதிய கையை, விரல்கள் லேசாக விரிந்த மாதிரி, எழுதியிருந்தார். கண்ணைப் பொத்திவிட்டு அப்போதுதான் எடுத்த கை. நான் பார்த்தேன். நண்பர் பார்த்ததும், "கண்ணாடியில ஏதோ அழுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கே ஸார், துடைச்சிருங்க" என்றார். மாஸ்டர் மறுவார்த்தை பேசாமல் சாம்பல் நீலத்தால் மூடிவிட்டார்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் தாங்கவில்லை. சித்திரத்தில் உயிர் இருந்த இடத்தை உங்கள் கையாலேயே அழித்தீர்களே என்று கேட்டேன். மானே கதையையும் சொன்னேன். அவர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார்.

"அவரு அது என்னன்னு தெரியாமச் சொல்லல. தெரிஞ்சுதான் சொன்னாரு. பார்த்ததும் முகம் மாறிச்சில்லா? தெனமும் காலம்பற முழிச்சு அந்தக் கையைப் பார்க்க அந்த மனுஷனால முடியுமா?"

நண்பருடைய முகத்தை நான் கவனித்திருக்கவில்லை. சித்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது சரியாக இருக்கலாம். இருந்தாலும் அழித்தது அழித்ததுதான் என்று வாதாடினேன், இன்றைக்கும் வாதாடுவேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தபோது மாஸ்டர் நின்றார். "அந்த வெள்ளைக்காரனுக்கு எவ்வளவு கூடுதலா வந்துதுன்னு சொன்னீங்க?"

"200 பிராங்க்."

"எனக்கு இன்னும் பாதிப் பணம் பாக்கி. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்.