‘கடலும் கிழவனும்’: வீரமும் உள்ளுறையும்

எர்னஸ்ட் ஹெமிங்வே 1952-இல் வெளியிட்ட, ‘கடலும் கிழவனும்’ எனத் தமிழில் வழங்கும் குறுநாவலில், பாய்மரத்தைத் தோளிற் சுமந்து மேடேறி விழும் சாந்தியாகோவைச் சிலுவை சுமந்த இயேசுவாகவே திறனாய்வாளர் பலர் காண்பர். மீனவத் தொண்டர் இராயப்பரின் பெயர் தாங்கிய இராயபுரத்தில் இவ்விளக்கம் எளிதிற் செல்லும். எனினும், காசிமேட்டில் கயிறு அறுத்த உள்ளங்கைகளைக் கண்டோர்க்கு அப்புண் தொழிலின் வடுவாகவே முதற்கண் தோன்றும்.

உள்ளுறைக்குத் தெய்வம் ஒழிந்த கருப்பொருளையே தொல்காப்பியர் நிலைக்களமாக வகுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. மீனும் சுறாவும் தம்மளவில் மெய்யாய் நின்றாலன்றி அவற்றின்வழிப் பிறிதொரு பொருள் பிறவாது. 84 நாள் வறுங்கையனாய் மீண்ட கிழவன், தன் படகினும் நீண்ட மீனைக் கொன்று, சுறாக்களுக்கு இழந்து, என்பை மட்டுமே கரைசேர்க்கின்றான். இஃது எவ்வகை வீரம்?

குறுந்தொகை 269-இல் கல்லாடனார் காட்டும் தந்தை, சுறா தாக்கிய புண் ஆறியதும் மீண்டும் கடல் புகுகின்றான். தாய் உப்பை நெல்லுக்கு மாற்ற உப்பளம் செல்கின்றாள். எண்ணூர்க் கழிக்கரை அறிந்தோர்க்கு இக்குடும்பம் புதிதன்று. பாடல் அவன் மறத்தைப் புகழவில்லை; வீட்டிற் காவலில்லை எனத் தலைவனுக்கு உணர்த்தும் செய்தியாகவே கூறிச் செல்கின்றது. சாந்தியாகோவின் வீரமும் இவ்வினத்தது என்பதே எம் துணிபு. கரை மீண்டவன் சிறுவனிடம் அடுத்த வேட்டைக்கு வேண்டும் ஈட்டியைப் பற்றியன்றோ பேசுகின்றான்!

இறுதியில் வரும் சிங்கக் கனவே எம்மை இடர்ப்படுத்துவது. சிங்கம் நெய்தற் கருப்பொருள் அன்று. ஆயினும் அவன் இளமையிற் கண்ட ஆப்பிரிக்கக் கடற்கரை மணலிலேயே அவை உலவுகின்றன. திணைமயக்கம் எனக் கொள்வாரை யாம் மறுக்கவில்லை.