கை மாறாத வண்டி

பழைய கார்ப் பிரியர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டால் ஒன்று தெரியும். அவர்கள் மிக உயர்வாகப் பாராட்டுவது வேகத்தையோ அழகையோ அல்ல. ‘ஒரிஜினல்’ என்ற ஒரே தகுதியைத்தான். ஒரே ஓனர். கை மாறாத வண்டி. மறுபெயின்ட் பார்க்காத பாடி. கம்பெனியில் முடுக்கிய போல்ட் அப்படியே இருக்கிறது. கல்யாணத் தரகர் பெண்ணைப் பற்றிச் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். பேனா, வண்டி, பொண்டாட்டி மூன்றையும் இரவல் தரக் கூடாது என்று நம் வீட்டு ஆண்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள் அல்லவா, அந்தச் சிரிப்புக்கு எழுதப்பட்ட விரிவுரை இது. இந்தப் பேச்சை ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்க்கிறேன். கார் மேல் எனக்கு விரோதம் இல்லை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று ரோட்டில் போனால் இன்றைக்கும் நின்று பார்ப்பேன்.

தமிழுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. முல்லைத் திணையில் வினைமுடித்துத் திரும்பும் தலைவன் வழியெல்லாம் பாகனோடு பேசிக்கொண்டு வருகிறான். தேரை விரைந்து செலுத்தச் சொல்கிறான். (முல்லையின் பெரும்பொழுது கார் என்று வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் சிரிப்பார்கள்.) தேரில் இருக்கும் இருவரும் ஆண்கள். அவள் வீட்டில் இருந்து மணியோசைக்குக் காத்திருக்கிறாள். பாரி முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தான் என்றால், தேர் அவனுடையதாக இருந்ததால் கொடுக்க முடிந்தது. தந்தையை இழந்து அலைந்த பாரி மகளிருக்கு ஒரு தேர் இருந்ததாக நான் படித்ததில்லை.

இன்றைய தேர்கள் நிற்கும் இடங்கள் நமக்குத் தெரியும். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தின் சேகரிப்பு 2015இல் கார் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சென்னை வடபழனியில் ஏவி.எம். ஸ்டுடியோவில், எம்.எஸ். குகன் சேகரித்த நாற்பதுக்கும் மேற்பட்ட பழைய கார்களை 2023 முதல் பார்க்கலாம். மாணவிகள் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள்தாம். போகும்போது ஒரு கேள்வியையும் எடுத்துப் போகச் சொல்வேன்: இந்தக் கதையில் பெண் எங்கே?

தேடினால் கிடைக்கிறாள், பெரும்பாலும் பெயராக. மெர்சிடிஸ் என்பது எமில் யெல்லினெக் என்ற வியாபாரியின் சின்ன மகளின் பெயர். நம் ஊர் பியட் 1974இல் பத்மினி ஆனது. கதையில் தீயில் இறங்கிய சித்தூர் ராணியின் பெயர் அது. டாக்ஸிக்கு வைக்க எப்படித்தான் தோன்றியதோ.

பொம்மையாகவும் கிடைக்கிறாள். ரோல்ஸ் ராய்ஸ் காரின் மூக்கில் ஆடை பறக்க முன்சாய்ந்து நிற்கும் பெண்ணுருவத்தை சார்லஸ் சைக்ஸ் என்ற சிற்பி வடித்தார், 1911இல் வந்தது. அதற்கு மாதிரியாக நின்றவர் எலினோர் தார்ன்டன் என்றே பரவலாகச் சொல்கிறார்கள். மாண்டேகு பிரபு நடத்திய மோட்டார் பத்திரிகையில் அவருடைய செயலாளர். அவரோடு வெளியில் சொல்ல முடியாத உறவு. பிறந்த பெண் குழந்தையை வேறிடத்தில் வளர்க்கக் கொடுத்தார்கள். மோட்டார் போக்குவரத்து ஆலோசகராக மாண்டேகு இந்தியாவுக்குக் கப்பலேறியபோது தார்ன்டனும் உடன் வந்தார். 1915 டிசம்பர் 30 அன்று கிரீட் தீவுக்குத் தெற்கே, பெர்சியா என்ற அந்தக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தகர்த்தது. மாண்டேகு பிழைத்தார், தார்ன்டன் பிழைக்கவில்லை. நம் மகாராஜாக்களின் கார்களில் அந்த உருவம் இந்தியா வந்து சேர்ந்தது. பொம்மை ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் இந்தப் பெண்ணின் பெயரையும் ஒருமுறை சொல்லலாம்.

மூன்றாவதாக அவள் பணமாகக் கிடைக்கிறாள். எனக்கு இதுதான் முக்கியம். கார்ல் பென்ஸின் காப்புரிமை 1886 ஜனவரி 29 தேதியிட்டது. அதற்குப் பல ஆண்டு முன்பே, கல்யாணம் ஆவதற்குள்ளேயே, தன் சீதனப் பணத்தை எடுத்து அவர் பட்டறையைக் காப்பாற்றியவர் பெர்த்தா. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். எரிபொருளை வழியில் மருந்துக்கடையில் வாங்கினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். கம்பி தேய்ந்த இடத்துக்குக் காலுறைப் பட்டி. பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தோல் அடித்துக்கொண்டார். பழுதுபார்ப்பது ஆண் கைக்கே வரும் என்று சொல்பவர்கள், முதல் நெடும்பயணத்தின் டூல் பாக்ஸில் ஊசியும் துணியும் இருந்ததை நினைவில் வைக்கட்டும். காப்புரிமையில் அவர் பெயர் இல்லை.

‘ஒரிஜினல்’ இப்போது சட்டச் சொல்லும்கூட. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறாமல் மூலவடிவில் இருக்கும் வண்டி விண்டேஜ். அதற்கெனத் தனி எண்வரிசை உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். மற்ற பழைய வண்டிகளை உடைப்புக்கு அனுப்பும் கொள்கை வந்ததும் அதே ஆண்டுதான்.

ஆரணியில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது ஐம்பது ஆண்டு தாண்டிய இன்னொரு பொருள் ஞாபகத்துக்கு வருகிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது தறியிலிருந்து இறங்கும் புதுப் புடவைக்கு. பீரோவில் மடிப்பு இற்றுக் கிடக்கும் பாட்டியின் கல்யாணப் புடவைக்கு என்ன இருக்கிறது? பழைய பட்டுப்புடவை எடுக்கிறோம் என்று தெருவில் ஒரு குரல் வரும். வந்தவர் நிறத்தைப் பார்ப்பதில்லை, பேட்டைப் பார்ப்பதில்லை, யார் நெய்தது என்று கேட்பதில்லை. சரிகையை உரசிப் பார்த்து எடைபோடுவார். பிறகு பட்டை எரித்து வெள்ளியைப் பிரிப்பார்கள். அதுவும் ஒரே ஓனர்தான், கை மாறாத புடவைதான். அங்கே ஒரிஜினலாக இருக்க வேண்டியது சரிகை மட்டும். அந்தத் தராசில் வைத்தால் ரோல்ஸ் ராய்ஸும் ஓரிரு டன் இரும்புதான்.

துணி மக்கிப்போகும், கார் அப்படியா என்பார்கள். துருவேறிய தகரத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகரம் பற்றவைப்பவர்கள் கேட்கிற கேள்வி இது. நம் பாட்டிமார் கிழிந்த பட்டின் கரையை அறுத்து வேறு புடவையில் வைத்துத் தைத்தார்கள், உடலைப் பேத்திக்குப் பாவாடையாக்கினார்கள். அதற்கு ரெஸ்டரேஷன் என்று பெயர் வரவில்லை. சிக்கனம் என்றார்கள், சில வீடுகளில் கஞ்சத்தனம் என்றும்.

ஆண்கள் எல்லோருக்கும் இந்தப் பெருமை கிடைக்கிறது என்றும் சொல்ல முடியாது. புதுப்பேட்டையில் அலைந்து பாகம் தேடியவர், தகரத்தைத் தட்டி நிமிர்த்திய டிங்கர், சீட் தைத்தவர் எல்லோரையும் விழுங்கிவிட்டு ‘நான் ரெஸ்டோர் பண்ணினேன்’ என்கிறார் சொந்தக்காரர். எங்கள் ஊர்த் தறிவீட்டிலும் இதே இலக்கணம். நெய்கிறவர் ஆண். தார் சுற்றுகிறவள், புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழையதோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிறவள் ‘கூடமாட ஒத்தாசை’.

புதுச் சொகுசுக் கார்களைப் பற்றிய பேச்சில் இந்தப் பழம்பெருமை பாதுகாப்பாக உருமாறுகிறது: இத்தனை ஏர்பேக், இத்தனை நட்சத்திரம். யாருடைய உடலுக்கு? மோதல் சோதனைப் பொம்மைகள் நெடுங்காலம் ஆண் உடலை அளவாக வைத்தே செய்யப்பட்டன. பெல்ட் போட்ட பெண் ஓட்டுநருக்குக் கடுமையான காயம் ஏற்படும் வாய்ப்பு, பெல்ட் போட்ட ஆணைவிட 47 சதவீதம் அதிகம் என்று 2011இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. சராசரிப் பெண் உடலின் அளவில் ஒரு பொம்மையை ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு 2022இல்தான் முன்வைத்தது.

ஆனால் நம் ஊரில் பெண் உடலுக்கும் புதுக் காருக்கும் உள்ள உறவு மோதலுக்கு முன்பே, நிச்சயதார்த்தத்திலேயே தொடங்கிவிடுகிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. அதற்குப் பிறகு வரதட்சணை என்ற சொல் மறைந்து, ‘மாப்பிள்ளைக்கு அவர்களே ஆசைப்பட்டு எடுத்துக் கொடுத்த வண்டி’ வந்திருக்கிறது. பெர்த்தாவின் சீதனத்தில் கார் பிறந்தது. இங்கே கார்தான் சீதனம்.

இறுதியாண்டு மாணவிகளிடம், வீட்டில் நிற்கும் வண்டியின் ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னேன். தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, அக்கா கல்யாணத்துக்குக் கொடுத்த காரைப் பற்றிச் சொன்னாள். ஆர்.சி. மாமா பெயரில். முன்பணத்துக்கு அம்மாவின் சங்கிலியும் பழைய பட்டுப்புடவைகளும் போயின. தவணையை அப்பா கட்டுகிறார், இன்னும் இரண்டு வருடம் பாக்கி. அக்கா வண்டி ஓட்டுவாளா என்று கேட்டேன்.

“மாமியார் வராத அன்னைக்கு முன்சீட்டுல உட்காருவா மேடம்” என்றாள்.