பால்மாவும் படுவான்கரைப் பாலும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பட்டி பட்டியாக மாடுகளும் எருமைகளும் மேய்கின்றன. ஆனாலும் அப்பகுதித் தேத்தண்ணிக் கடைகள் பலவற்றில் கலக்கப்படுவது பால்மாதான்.

1977இல் இறக்குமதிக்குக் கதவு திறந்தபின் பால்மா நாடெங்கும் வேரூன்றியது. நியூசிலாந்தின் ஃபொன்டெரா பல ஆண்டுகள் விற்ற 'அங்கர்' முன்வரிசையில் நிற்க, 1906 முதல் இங்கு வணிகம் செய்யும் நெஸ்லேயும் வலுவாக உள்ளது. எதிரே நிற்பவை அரசின் மில்கோ தரும் 'ஹைலன்ட்', கார்கில்ஸின் 'கொத்மலை', புத்தலையின் 'பெல்வத்தை' முதலியவை.

இந்த உள்ளூர் நிறுவனங்கள் களத்தைத் தேர்ந்ததில் சாமர்த்தியம் தெரிகிறது. யோகட், திரவப்பால் போன்ற சீக்கிரம் கெடும் பண்டங்கள் கப்பலேறி வருவது கடினம்; அங்கே உள்ளூர் நிறுவனங்களின் கை ஓங்கியது. பால்மாவில் நிலைமை வேறு. பரந்த புல்வெளிகளில் பெருமளவில் கறக்கும் நியூசிலாந்தோடு விலையில் மோதுவது எளிதல்ல.

வாய்ப்பு வராமலில்லை. 2013 ஓகஸ்டில், பால்மாவில் டிசிடி என்ற இரசாயனம் இருக்கலாமென்ற அச்சத்தால் ஃபொன்டெரா இலங்கையில் தற்காலிகமாக வேலையை நிறுத்தியது. 2021இல் டொலர் தட்டுப்பாட்டால் கடைகளில் பால்மா காணாமற்போனது. ஒக்டோபரில் 400 கிராம் பொதி 380 ரூபாயிலிருந்து 480க்கு ஏறியது. மக்கள் உள்ளூர்ப் பாலைத் தேடினார்கள், போதிய பால் இல்லை. நாட்டுப்பற்றை விளம்பரத்தில் ஊற்றலாம், போத்தலில் ஊற்ற முடியாது.

குறை பட்டியில்தான் தொடங்குகிறது. நாட்டு மாடு ஓரிரு லீற்றரே தரும். பெரும்பாலும் காலையில் மட்டும் கறக்கிறார்கள். குளிரூட்டும் நிலையம் தொலைவென்றால் அதுவும் திரிந்துபோகும். பண்ணையாளருக்கு வாங்குபவரின் கொடி முக்கியமல்ல. நெஸ்லேயும் உள்ளூர்ப் பால் வாங்குகிறது. கொழுப்புக்கேற்ற விலையும் நேரத்துக்குக் காசும் யார் தருகிறாரோ, பால் அவருக்கே போகும்.

குஜராத்தின் பால் கூட்டுறவான அமுல் இதை முன்பே புரிந்துகொண்டது. எருமைப்பாலைப் பால்மாவாக்க முடியாதென்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்ன காலத்தில், எச்.எம். தலாயா என்ற பொறியியலாளர் அதற்கான முறையைக் கண்டார். 1955இல் ஆனந்தில் ஆலை திறந்தது. அந்த ஆலைக்குப் பின்னால் ஊர்தோறும் பால் சேர்க்கும் கூட்டுறவுச் சங்கங்கள் இருந்தன. படுவான்கரைக்கும் எருமைகள் உண்டு. அத்தகைய முதலீடுதான் இல்லை.

மேய்ச்சல் நிலமும் சிக்கலில் இருக்கிறது. பெரும்போகத்துக்கு வயல் விதைத்ததும் பட்டிகள் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் நிலங்களுக்கு நகர வேண்டும். அங்கு அத்துமீறிப் பயிர்செய்வதை எதிர்த்துப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர்போராட்டம் தொடங்கினர். அந்த நிலத்தை மேய்ச்சல் தரையாக வர்த்தமானியில் அறிவிக்குமாறு கேட்டனர். மில்கோ அரசுடைமை, வர்த்தமானியும் அரசின் கையில். பால்மா இறக்குமதியைக் குறைப்பதாகப் பேசும் அரசு முதலில் இந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும்.