கிளாரிந்தாவின் கதையைச் சொல்வது யார்?

பாளையங்கோட்டையில் ஒரு பழைய சிறிய ஆலயம் இருக்கிறது. கிளாரிந்தா ஆலயம் என்று எழுதுவார்கள். ஊர் வாயில் அது பாப்பாத்தி அம்மாள் கோயில். சிறுவயதில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஆச்சி எனக்குக் கதை சொல்லுவாள். கணவனின் சிதையில் ஏற்றப்படவிருந்த இளம் விதவை; அவளை மீட்ட வெள்ளைக்கார அதிகாரி; அவள் ஆண்டவரை அறிந்தது; கோயில் கட்டியது. எத்தனை முறை சொன்னாலும் இந்த நான்கு படிகளும் மாறாது. "அந்தம்மா என்ன சொன்னாங்க ஆச்சி?" என்று ஒருமுறை கேட்டேன். ஆச்சியிடம் பதில் இல்லை. கதை முழுக்க நடந்து வரும் அந்தப் பெண்ணுக்கு ஒரு வாக்கியம்கூடக் கிடையாது.

பின்னாளில் ஆய்வு மாணவியாக அந்தக் கதையைத் தேடிப் போனேன். உறுதியாகக் கிடைப்பவை கொஞ்சம்தான். ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் 1778இல் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் உள்ள 40 பேரில் முதல் பெயர் அவருடையது. அவர் முயன்று கட்டிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதற்கு முன்பே அவர் ஞானஸ்நானம் கேட்டிருக்கிறார். அதிகாரி லிட்டில்டனுடன் மணமின்றி வாழ்ந்த காரணத்தால் மறுக்கப்பட்டிருக்கிறார். லிட்டில்டன் இறந்த பிறகே கதவு திறந்தது. ஒரே வீட்டில் வாழ்ந்த இருவரில் லிட்டில்டன் பிறப்பால் கிறிஸ்தவர். வாசலில் நிறுத்தப்பட்டவர் கிளாரிந்தா. ஆச்சி சொன்ன கதையில் இந்த மறுப்பு இல்லை. காப்பாற்றியவன் நல்லவனாகவே இருக்க வேண்டும் என்பது அந்தக் கதையின் தேவை.

நம் சபைகளில் சாட்சி சொல்வதற்கென்று ஓர் இலக்கணம் உண்டு. முன்பு இருள், பிறகு ஒளி. நடுவில் ஒரு கை வந்து தூக்கிவிடும். பெண்ணின் கதை இந்த அச்சில் வார்க்கப்படும்போது அவளுடைய முடிவுகள், பேரங்கள், பிடிவாதம் எல்லாம் உருகிப் போகின்றன. மறுக்கப்பட்ட பிறகும் விடாமல் காத்திருந்தாரே, அதுதான் விசுவாசம் என்று எனக்குத் தோன்றுகிறது. அது சாட்சிக்குள் வரவில்லை. 1915இல் அ. மாதவையா ஆங்கிலத்தில் எழுதிய 'கிளாரிந்தா' நாவல் அவருக்கு மனமும் குரலும் கொடுத்தது. பெண்களின் நிலை பற்றி நேர்மையாகக் கவலைப்பட்டவர் மாதவையா. ஆனாலும் அது ஓர் ஆண் கற்பனை செய்து கொடுத்த குரல்தான்.

மாற்கு சுவிசேஷத்தில் ஒரு பெண் இயேசுவின் தலையில் பரிமளத் தைலத்தை ஊற்றுகிறாள். சுவிசேஷம் பிரசங்கிக்கப்படும் இடமெல்லாம் அவள் செய்தது அவளை நினைக்கும்படி சொல்லப்படும் என்கிறார் இயேசு. அவள் பெயரை மாற்கு எழுதவில்லை. பெண்ணிய இறையியலாளர் எலிசபெத் ஷுஸ்லர் ஃபியோரென்சா 1983இல் தன் நூலுக்குத் தலைப்பை அந்த வசனத்திலிருந்தே எடுத்தார். செயலை நினைவில் வைத்து, செய்தவளைத் தொலைத்த மரபை அவர் சுட்டினார்.

கிளாரிந்தாவுக்குப் பெயர் எஞ்சியது. ஆனால் எந்தப் பெயர்? ஞானஸ்நானத்துக்கு முந்தைய பெயரை ஆச்சியின் கதை சொல்லவில்லை. கிளாரிந்தா என்ற பெயரை மக்கள் நாவு ஏற்கவில்லை. சாதிக்கு வெளியே வந்து எல்லோருக்குமாகக் கட்டிய ஆலயம் அவருடைய சாதியின் பெயரால் நிற்கிறது. 'ஒரு பாப்பாத்தியே வந்தாளே' என்ற வியப்பில்தான் இந்தக் கதை இத்தனை தலைமுறை பிழைத்திருக்கிறது. பிராமணப் பெண் வந்தால் சரித்திரம். பனங்காட்டுப் பெண்களும் சேரிப் பெண்களும் வந்தால் தொகை.

இதை எழுதும் எனக்கும் இந்தப் பழியில் பங்கு உண்டு. ஆச்சியின் அம்மா கருப்பட்டி விற்றவள். எங்கள் குடும்பத்தில் முதலில் கோயிலுக்குப் போனவள் அவள்தான். "உங்க அம்மா எப்படி வேதத்துக்கு வந்தாங்க?" என்று நான் கேட்டபோது ஆச்சி, "அதுல என்னட்டி இருக்கு சொல்ல?" என்று பேச்சை மாற்றினாள். நானும் விட்டுவிட்டேன். அப்போது என் கையில் கிளாரிந்தா இருந்தார். கருத்தரங்கக் கட்டுரை இருந்தது. அடுத்த ஆண்டு ஆச்சி போய்விட்டாள்.

எனக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. தினமும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலயத்தில் எடுத்து வைப்பாளாம், ஞாயிற்றுக்கிழமை காணிக்கைக்கு. ஊர் ஊராகப் பெண்கள் இப்படிச் சேர்த்த பிடி அரிசியில் எத்தனையோ கோயில்கள் எழும்பின. கணக்குப் புத்தகத்தில் அரிசி இருக்கும். யார் வீட்டு அரிசி என்று இருக்காது.

இப்போது என் மாணவிகளிடம், எந்த மதமானாலும், வீட்டிலிருக்கும் மூத்த பெண்ணின் நம்பிக்கைக் கதையை அவள் சொல்லும் வரிசையிலேயே எழுதிவரச் சொல்கிறேன். "அதில் ஒன்றும் இல்லை" என்று அவள் சொன்னால், அதையும் எழுதிக்கொண்டு மறுநாள் மீண்டும் கேட்கச் சொல்கிறேன். நான் கேட்காத அந்த இரண்டாவது கேள்வியை அவர்களாவது கேட்கட்டும்.